ராத்திரிச் சாப்பாடும் கட்டில் தலைமாடும்: நெஞ்செரிச்சலுக்கு அக்கா டிப்ஸ்

தங்கச்சி, நெஞ்செரிச்சல்னு சொன்ன உடனே எல்லாரும் கேக்கறது, "எதெது சாப்பிடக் கூடாது?"ங்கறதுதான். காரம் கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடாதுன்னு ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவாங்க. கடைசியில தட்டுல இட்லியும் மோரும்தான் மிஞ்சும், எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கும். எத்தனை மணிக்குச் சாப்பிட்ட, சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல படுத்த, எப்படிப் படுத்த, மாத்திரையை எப்பப் போட்ட... இந்த நாலையும் முதல்ல சரி பண்ணு. பட்டியலை அப்புறம் பாத்துக்கலாம்.

உணவுக்குழாய் முடிஞ்சு இரைப்பை ஆரம்பிக்கிற இடத்துல வளையம் மாதிரி ஒரு தசை இருக்கு. முழுங்கும்போது திறக்கும், உடனே இறுக மூடிக்கும். அந்தத் தசை தளர்ந்தாலோ, வயித்துக்குள்ள அழுத்தம் கூடினாலோ அமிலம் மேல ஏறும். அமிலத்தைத் தாங்கற பூச்சு இரைப்பைக்கு உள்ள உண்டு, உணவுக்குழாய்க்கு அந்த அளவுக்குக் கிடையாது. அதனாலதான் நடு நெஞ்சு எரியுது, தொண்டை வரைக்கும் புளிச்ச தண்ணி எதுக்களிச்சு வருது. எப்பவோ ஒரு கல்யாண விருந்துக்கு அப்புறம் வந்தா விட்டுடலாம். வாரத்துக்கு ரெண்டு தடவை, அதுக்கு மேலன்னு வந்துட்டே இருந்தா கவனிச்சே ஆகணும்.

படுக்கறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி

உங்க அரியலூர்ப் பக்கமும் சரி, இங்க பெரம்பலூர்லயும் சரி, கதை ஒண்ணுதான். காலையில அவசரத்துல ஏதோ ரெண்டு வாய், மத்தியானம் காட்டுல தூக்குவாளிச் சோறு, சாயங்காலம் டீயும் வடையும். சீரியல் முடிஞ்சு ஒன்பதரைக்குத்தான் நிம்மதியா உக்காந்து வயிறு முட்டச் சாப்பாடு. பத்து மணிக்குப் பாயை விரிச்சாச்சு. நிரம்பின வயித்தோட நீட்டிப் படுத்தா அமிலம் எங்க போகும்? மேலதான் வரும்.

பத்து மணிக்குப் படுக்கறதுன்னா ஏழுக்குள்ள சாப்பிட்டு முடிக்கறது நல்லது. வெங்காய அறுவடை சமயத்துல அது ஆகாத காரியம்னு எனக்கும் தெரியும். அப்ப ஆறு மணி வடையை விட்டுட்டு, அந்த நேரத்துலயே நாலு இட்லியோ ரெண்டு தோசையோ சாப்பிட்டுடு. ஒன்பதரைக்குப் பசிச்சா ஒரு கை மோர்ச்சோறு போதும். கணக்கு மாறல, வேளைதான் மாறுது.

மாப்பிள்ளை சிமெண்ட் ஆலையில நைட் ஷிப்ட் பாக்கற வாரம் இதே விதியைத் திருப்பிப் போடணும். காலையில வீட்டுக்கு வந்து, பசியில நேத்துக் கறிக்குழம்பை ஊத்தி ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுட்டு உடனே படுக்கறார் பாரு, அங்கதான் வினை. ஷிப்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே பெரிய சாப்பாட்டை முடிக்கச் சொல்லு. விடியக்காலம் பசிச்சா சாப்பிட டப்பாவுல ஏதாவது கொடுத்தனுப்பு. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு இட்லி, கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு அப்புறம் தூக்கம்.

சென்னைக்குப் போற நைட் பஸ் இன்னொரு வில்லன். நெடுஞ்சாலை ஓரத்துல பதினோரு மணிக்கு நிறுத்துவான், சால்னா ஊத்தி ரெண்டு பரோட்டா, ஏறின உடனே சீட்டைப் பின்னால சாய்ச்சுத் தூக்கம். வீட்லயே சாப்பிட்டுட்டு ஏறு. அங்க இறங்கினா கை காலை நீட்டிட்டு வா, போதும்.

கட்டில் கால்

ராத்திரி எரிச்சல்ல முழிப்பு வருதுன்னா தலையணையை ரெண்டு மூணா அடுக்காதே. தலையும் கழுத்தும் மட்டும் தூக்கும், உடம்பு இடுப்புல மடங்கி வயிறு இன்னும் அமுங்கும். கட்டிலோட தலைமாட்டுக் காலையே தூக்கணும். ஆறுலேர்ந்து எட்டு அங்குலம். நாட்டுச் செங்கல் ஒண்ணு மூணு அங்குல உயரம் இருக்கும். ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு கல்லைப் படுக்க வெச்சா ஆறு அங்குலம் ஆச்சு. கல்லுக்கும் கட்டில் காலுக்கும் நடுவுல பழைய சைக்கிள் டியூபை வெட்டி வை, வழுக்காது. ஏறி உக்காந்து ஆட்டிப் பாத்துட்டு அப்புறம் படு. முதல் ரெண்டு நாள் கால்மாட்டுக்குச் சறுக்கற மாதிரி இருக்கும், பழகிடும்.

பாய்ல படுக்கறவங்களுக்குக் கல் உதவாது. பழைய புடவையை மடிச்சு, இடுப்புல மெல்லிசா ஆரம்பிச்சு தோள் கிட்ட உயரமா வர்ற மாதிரி சரிவா அடுக்கி, அதுக்கு மேல போர்வையை இழுத்துக் கட்டிடு. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. அப்படிப் படுத்தா இரைப்பைல இருக்கற அமிலம் அந்த வளையத் தசைக்குக் கீழ தங்கும், வலது பக்கம் படுத்தா வாசல் வரைக்கும் வந்து நிக்கும்.

இடுப்புக்கு மேல என்ன நடக்குது

இதை டாக்டர்கிட்ட சொல்ல நமக்குத் தோணாது, அவங்களுக்கும் கேக்கத் தோணாது. பாவாடை நாடா! புடவை நழுவாம இருக்கணும்னு காலையில இறுக்கிக் கட்டின நாடாவைப் படுக்கற வரைக்கும் தளர்த்தறதே இல்ல. சாப்பிட்ட பிறகு வயிறு விரிய இடம் வேணும். மெல்லிசு நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி வெச்சுத் தெச்சுக்கோ, சாப்பிட உக்காரும்போது ஒரு சுத்துத் தளர்த்து. மாப்பிள்ளைக்கு யூனிபார்ம் பெல்ட்.

அறுவடை முடிஞ்சு வெங்காயத்துக்குத் தாளும் வேரும் அறுக்க உக்காரறவங்களைப் பாரு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச கையோட, குந்தி உக்காந்து, தொடையில வயிறு அமுங்க, முன்னால குனிஞ்சு சாயங்காலம் வரைக்கும். அந்த மூணு மணி ஏப்பத்துக்குக் காரணம் குழம்பு இல்ல, உக்கார்ற விதம். தாழ்வா ஒரு பலகையோ ஸ்டூலோ போட்டுக்கிட்டா முதுகு நிமிரும். பட்டறை போடறது, மூட்டை தூக்கறது மாதிரி குனிஞ்சு நிமிர்ற வேலையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடு.

தொப்பை இருந்தா அது இருபத்து நாலு மணி நேரமும் கட்டின இறுக்க நாடாதான். கொஞ்சம் எடை குறைஞ்சாலே எரிச்சல் குறையறது பல பேருக்கு நடக்குது.

இப்ப சாப்பாட்டுக்கு வர்றேன்

பெரம்பலூர்ல இருந்துட்டு வெங்காயத்தை விடுன்னு நான் சொன்னா ஊரை விட்டே தள்ளிடுவாங்க. ஆனா ஒண்ணு, பச்சையாக் கடிக்கற வெங்காயம் பல பேருக்கு எதுக்களிப்பைக் கிளப்பும். சாம்பார்ல வெந்த சின்ன வெங்காயம் அந்த அளவுக்குத் தொந்தரவு தராது. பழைய சோறு குடிச்சா எரியுதுன்னு சொல்றவங்க, தொட்டுக்கிட்ட வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் ஒரு வாரம் விட்டுட்டுப் பாக்கட்டும். பாவம், பழி பழைய சோத்து மேல விழுது.

அதுதான் முறையும் கூட. எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்தாதே. ஒண்ணை மட்டும் ஒரு வாரம் நிறுத்து, காலண்டர்ல எரிஞ்ச நாளுக்குப் புள்ளி வை. புள்ளி குறைஞ்சா அதுதான் உன் எதிரி. குறையலையா, தாராளமாத் திரும்பச் சாப்பிடு. டீ, காபி, சாக்லேட், புளிக்குழம்பு, தக்காளி எல்லாம் ஒருத்தருக்குச் சேராது, இன்னொருத்தருக்கு ஒண்ணும் பண்ணாது.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா முந்திரிக்குப் பஞ்சம் இருக்காது. கொழுப்பு அதிகம், இரைப்பையை விட்டு மெதுவாத்தான் இறங்கும். டிவி முன்னாடி ராத்திரி வறுத்த முந்திரி கொறிக்கறதை நிறுத்து, பகல்ல நாலு சாப்பிடு. ஜீரணத்துக்குன்னு புதினாவைத் தேடுவோம்; அந்த வளையத் தசையைப் புதினா தளர்த்தலாம், எரிச்சல்காரங்களுக்கு அது வேண்டாம். ராத்திரி குளிர்ந்த பால் அந்த நேரத்துக்கு இதமா இருக்கும், கொஞ்ச நேரத்துல இரைப்பை இன்னும் அமிலம் சுரக்கும். சீரகத் தண்ணி கெடுதல் இல்ல, வைத்தியமும் இல்ல. ஈனோ மாதிரி நுரைக்கிற உப்புல சோடியம் அதிகம், பிரஷர் இருக்கற அத்தை கைக்கு எட்டாம வை. அதிமதுரத்தையும் மாசக்கணக்கா எடுக்கக் கூடாது, பிரஷரை ஏத்தும்.

அத்தை வெத்தலையோட அதக்கற புகையிலை, மாப்பிள்ளையோட பீடி, ஞாயித்துக்கிழமை சமாசாரம் மூணும் அந்தத் தசையைத் தளர்த்தற கட்சிதான். இதுல சமாதானம் எதுவும் எனக்குத் தெரியல.

விரதத்துல சமாதானம் உண்டு. திங்களும் வெள்ளியும் நடை திறக்கற சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கோ, புரட்டாசிச் சனிக்குக் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கோ பட்டினி இருந்தா இரு. முடிக்கும்போது வடை பாயசத்தோட இலை நிறையச் சாப்பிடறதை மட்டும் ரெண்டு வேளையாப் பிரிச்சுக்கோ.

மாத்திரை

ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரேபிப்ரசோல்னு வர்ற மாத்திரைகளைச் சோத்துக்குப் பிறகு டீயோட போட்டுட்டு, "கேக்கவே இல்ல"ன்னு சொல்றவங்க ஊர்ல பாதிப் பேர். அமிலம் சுரக்கற பம்புகள் சாப்பாடு வரும்போதுதான் வேலையை ஆரம்பிக்கும். அந்த நேரத்துல மருந்து ரத்தத்துல தயாரா இருந்தாத்தான் அந்தப் பம்புகளை மூட முடியும். அதனால சாப்பாட்டுக்கு அரை மணிலேர்ந்து ஒரு மணி நேரம் முன்னாடி, வெறும் வயித்துல, தண்ணியோட. கடிக்காதே, பொடிக்காதே. முதல் நாளே முழுசா அடங்கலன்னு கைவிடாதே, சில நாள் பிடிக்கும்.

டாக்டர் பெரும்பாலும் நாலுலேர்ந்து எட்டு வாரம் எழுதுவார். அதைத்தான் நாம வருஷக்கணக்கா மெடிக்கல்ல அட்டையைக் காட்டி வாங்கிட்டே இருக்கோம். காரணம் இல்லாம நீட்டினா பி12, மக்னீசியம் குறையலாம். திடீர்னு நிறுத்தினாலோ அடக்கி வெச்ச அமிலம் கொஞ்ச நாளைக்குக் கூடுதலாச் சுரக்கும், "பாத்தியா, மாத்திரை இல்லாம முடியல"ன்னு தோணும். டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியாக் குறைக்கணும். இதயத்துக்கு ஆஸ்பிரின் போடறவங்களுக்கும், ரத்தக்கசிவு வந்தவங்களுக்கும் இது காவல் மாத்திரை. அவங்க தானா நிறுத்தவே கூடாது. பேருக்குப் பின்னால "டி"ன்னு இருந்தா பொதுவா அதுல டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கும். இதயத் துடிப்புல கோளாறு இருக்கறவங்களுக்கு அது ஆகாது, சீட்டு இல்லாம வாங்காதே. எல்லார் வீட்டு டப்பாவுலயும் இருந்த ரானிடிடினை, அதுல என்டிஎம்ஏங்கற மாசு இருக்கறது தெரிஞ்சு, 2020 ஏப்ரல்ல அமெரிக்கா கடைகள்ல இருந்தே எடுக்கச் சொல்லிடுச்சு. நம்ம அரசாங்கமும் 2022ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்து நீக்கிடுச்சு. பழைய அட்டை கிடந்தா தூக்கிப் போடு.

உனக்குத் தைராய்டு மாத்திரையும் இருக்கே, அதுவும் வெறும் வயித்துலதான். எது முதல்ல, எவ்வளவு இடைவெளின்னு டாக்டர்கிட்டயே கேளு. ஜெலுசில் மாதிரி மருந்தைத் தைராய்டு, இரும்புச்சத்து மாத்திரைகளோட சேர்த்துக் குடிக்காதே, உடம்புல ஏறவிடாது. முட்டி வலிக்குப் போடற வலி மாத்திரை இரைப்பையையே புண்ணாக்கும். பிரஷர் மாத்திரையில சிலதுகூட எதுக்களிப்பைக் கூட்டும், மாத்தித் தரச் சொல்லிக் கேக்கலாம், நீயா நிறுத்தாதே.

எரிச்சல் எல்லாத்தையும் நாம "அல்சர்"னு சொல்லிடறோம். அல்சர்ங்கறது புண், அது வேற. பெரும்பாலும் வலி மாத்திரையாலயோ, எச்.பைலோரிங்கற கிருமியாலயோ வரும். அதைக் கண்டுபிடிச்ச வாரன், மார்ஷல் ரெண்டு பேருக்கும் 2005ல நோபல் கொடுத்தாங்க. கிருமியா இருந்தா ஆன்டிபயாட்டிக்ல குணமாகும். பரிசோதனை பண்ணாம வெறும் கேஸ் மாத்திரையிலயே காலத்தை ஓட்டினா புண் ஆறின மாதிரி இருந்துட்டுத் திரும்ப வரலாம்.

இருமல்

அரியலூர்ல யாராவது இருமினா, உடனே சிமெண்ட் தூசி, சுண்ணாம்புக்கல் லாரின்னு சொல்லிடுவாங்க. அதுவும் உண்மைதான். ஆனா படுத்த பிறகு வர்ற வறட்டு இருமல், காலையில கரகரத்த குரல், வாயில புளிப்பு, பல் கூச்சம் சேர்ந்து வந்தா அமிலம் தொண்டை வரைக்கும் வருதுன்னு சந்தேகப்படணும். நுரையீரலையும் பாக்கட்டும், இதையும் சொல்லு. எதுக்களிச்ச உடனே பல் தேய்க்காதே. வாயை நல்லாக் கொப்பளி, அரை மணி கழிச்சுத் தேய்.

இது நெஞ்செரிச்சல் இல்ல

இதை மட்டும் வீட்ல எல்லாருக்கும் சொல்லி வை. நெஞ்சு அழுத்தமா, கூடவே வேர்த்து ஊத்துது, இடது கையிலயோ தாடையிலயோ வலி, மூச்சு வாங்குது, படி ஏறினா கூடி உக்காந்தா குறையுது... இப்படி இருந்தா சோடா குடிக்கக் கொடுத்துப் படுக்க வெச்சுப் பாக்கற நேரம் இல்ல. 108க்கு அடி, ஈசிஜி எடுக்கட்டும். சர்க்கரை இருக்கறவங்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு சில சமயம் வெறும் எரிச்சல், "கேஸ்" மாதிரியேதான் வரும்.

முழுங்கும்போது சோறு அடைக்குது, காரணம் இல்லாம எடை குறையுது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பா மலம், ரத்த சோகை, திரும்பத் திரும்ப வாந்தி, ஐம்பது வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்ச எரிச்சல்னா எண்டோஸ்கோபி பண்ணாம விடக் கூடாது. ராத்திரியில இருந்து பட்டினி, தொண்டையில மரத்துப் போற மருந்து அடிப்பாங்க, சில நிமிஷத்துல முடிஞ்சிடும். முன்னாடி எல்லாம் இதுக்கெல்லாம் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும்தான் ஓடுவோம். 2022 ஜனவரியில உங்க அரியலூர்லயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு, முதல்ல அங்க காட்டு. தேவைப்பட்டா அவங்களே மேல அனுப்புவாங்க. போகும்போது புள்ளி வெச்ச காலண்டர் தாளையும், வீட்ல இருக்கற எல்லா மாத்திரை அட்டையையும், வலிக்கு வாங்கினது உட்பட, ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போ.