காரணத்தையும் எழுதி வைப்போம்

வீட்டு வரைபடத்தைப் பத்திரப்படுத்துகிறோம். ‘ஏன் இப்படி’ என்பதை எழுதி வைப்பதில்லை.

1981-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், ஒரு ஹோட்டலின் இரண்டு தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். மேல் பாதை, கீழ்ப் பாதை இரண்டையும் கூரையிலிருந்து வரும் அதே நீளக் கம்பிகள் தாங்க வேண்டும் என்பது முதல் வரைபடம். வேலை எளிதாகட்டும் என்று கம்பிகளைத் துண்டாக்கினார்கள். கீழ்ப் பாதை மேல் பாதையிலிருந்து தொங்கியது. மேல் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. ‘கீழ்ப் பாதையின் சுமை மேல் பாதைமீது விழக் கூடாது’ என்று ஒரு வரி ஓரத்தில் இருந்திருந்தால், மாற்றியவர்கள் யோசித்திருக்கலாம்.

வீடு கட்டுவோர் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்தச் சுவரை இடிக்கக் கூடாது, ஏன், அஸ்திவாரம் எத்தனை மாடிக்குப் போட்டது, தேதி, இன்ஜினியர் பெயர். நாளை மாடி எழுப்பப்போவது நம் பிள்ளைகள். அன்று கேட்டுத் தெரிந்துகொள்ள நாம் இருக்க மாட்டோம்.