தொட்டால் ஒட்டாது, பயம் வேண்டாம்!

தாய்மார்களே! ஊருக்குப் போலீஸ் மாதிரி நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் காவல் காக்கின்றன. அவற்றை ஏவி வேலை வாங்கும் ஏட்டையாதான் சி.டி.4 அணு. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இது சாதாரணமாக 500-க்கு மேல் இருக்கும்.

எச்.ஐ.வி. கிருமி இந்த அணுவுக்குள்ளேயே புகுந்து, பெருகி, அதை அழிக்கிறது. எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால் காசநோயும் மற்ற நோய்களும் சுலபமாகப் பற்றிக்கொள்ளும்.

“தொட்டா ஒட்டிக்குமே!” என்று யாரையும் ஒதுக்காதீர்கள். தோலின் மேல் அணுக்கள் செங்கல் சுவர்போல நெருங்கி நிற்கின்றன. காயமில்லாத தோல் வழியே இக்கிருமி நுழையாது.

கர்ப்பிணிகளே! அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் இரத்தப் பரிசோதனை இலவசம். கிருமி இருந்தாலும், தினமும் மாத்திரை சாப்பிட்டால் தாய் நலமாக வாழலாம். பிள்ளைக்குத் தொற்றாமலும் தடுக்கலாம். உடம்பு தேறிடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க!