புயல் வருமுன் குடும்பம் செய்ய வேண்டியவை



பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுசேரும் ஊர் நம் திருமுக்கூடல். கடல் தொலைவில்தானே இருக்கிறது, புயல் நம்மை என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது காஞ்சிபுரம் மாவட்டத்திலும் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது.

சில நாடுகளில் திடீரென எழும் சுழற்காற்றுக்குச் சில நிமிட அவகாசமே கிடைக்கும். நம் பக்கத்துப் புயலோ வங்கக் கடலில் உருவாகி வருவது. ஓரிரு நாள் முன்பே வானிலை நிலையம் அறிவித்துவிடுகிறது. அந்த நேரத்தை வீணாக்காமல் இருப்பதே இந்தப் பாடம்.

ஒரு நெசவாளர் வீடு. மருமகள் நிறைமாதம். புயல் எச்சரிக்கை வந்ததும் கிராம சுகாதார செவிலியர் வருகிறார்.

"அம்மா, இன்னைக்கே மருமகளை ஆஸ்பத்திரியிலே சேர்த்துடுங்க."

"வலி வரட்டும் நர்ஸம்மா. தறியிலே பாவு இருக்கு. குழியிலே தண்ணி ஊறினா யார் பார்க்கிறது?"

"வலி ராத்திரி வந்து, ரோட்டிலே மரம் விழுந்து கிடந்தா வண்டி எப்படி வரும்? பட்டை இப்பவே பத்திரப்படுத்துங்க. அப்புறம் நிம்மதியா கிளம்பலாம்."

அவர் சொன்னது சரி. பட்டு நனைந்தால் நஷ்டம்தான்; யாரும் மறுக்கவில்லை. அதனால்தான் முதல் எச்சரிக்கையிலேயே அந்த வேலையை முடிக்க வேண்டும். கடைசி நேரத்தில் தறிக்காக ஆள் தங்கக் கூடாது.

முதல் நாள் செய்ய வேண்டியவை:

1. ஜரிகை, ஊடைப் பட்டு ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பரணில் வையுங்கள். தறியில் ஏறிய பாவை நனையாமல் மூடிக் கட்டுங்கள்.
2. பிரசவ நாள் நெருங்கிய தாயை முன்னதாகவே மருத்துவமனையில் சேருங்கள். தாய் சேய் நல அட்டை கையில் இருக்கட்டும்.
3. சர்க்கரை நோய், இரத்த அழுத்த மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு வாங்கி வையுங்கள்.
4. குடிநீர், அவல், பொரி, டார்ச் விளக்கு, குடும்ப அட்டை ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். செல்போனை முழுதாக சார்ஜ் செய்யுங்கள்.
5. யார் குழந்தையைத் தூக்குவது, யார் பாட்டியின் கையைப் பிடிப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள்.

காற்று அடிக்கும்போது:

ஓட்டு வீடு, கூரை வீட்டில் இருப்பவர்கள் முன்பே பள்ளிக்கூடம் போன்ற உறுதியான கட்டடத்துக்குப் போய்விடுங்கள். காற்று திடீரென நின்றால் வெளியே வராதீர்கள். புயலின் கண் ஊர் மேல் இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

ஓய்ந்த பிறகு:

"மழைதான் விட்டுப்போச்சே" என்று ஆற்றில் இறங்காதீர்கள். மேலே பெய்த மழை பிறகுதான் இங்கே வந்து சேரும். அறுந்த மின்கம்பியைத் தொடாதீர்கள். தறிக்குழியில் பாம்பு ஒதுங்கியிருக்கும். விளக்கடித்துப் பார்த்த பின்பே கால் வையுங்கள். பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம், உடனே மருத்துவமனை. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வயிற்றுப்போக்கு கண்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

நம் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டிலேயே இங்கே 15 படுக்கைகளோடு ஆதுலர் சாலை நடந்ததையும், அதில் இருப்பு வைத்த மருந்துகளின் பெயர்களையும் அது சொல்கிறது. நோய் வருமுன்னே மருந்து சேர்த்து வைத்த ஊர் இது. புயல் வருமுன்னே நாமும் ஆயத்தமாவோம்.

அவசர உதவிக்கு: ஆம்புலன்ஸ் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

வீட்டில் பேசிப் பாருங்கள்:

1. நம் வீட்டில் முதலில் புறப்பட வேண்டியவர் யார்?
2. எந்தக் கட்டடத்துக்குப் போவோம்? எந்த வழியாக?
3. பட்டை எங்கே வைப்போம்? யார் எடுத்து வைப்பது?