படகில் ஏறும் முன்



ஆலப்புழை என்ற ஊரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கேரளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் பலர் அங்கே சுற்றுலா போகிறார்கள். அந்த ஊரைச் சுற்றி எங்கும் தண்ணீர். பம்பை ஆறு 176 கிலோமீட்டர் ஓடி வந்து இந்தப் பக்கத்தில்தான் வேம்பநாட்டு ஏரியில் கலக்கிறது.

இங்கே தண்ணீர்தான் சாலை. பிள்ளைகள் படகில் ஏறிப் பள்ளிக்குப் போகிறார்கள். நமக்குப் பேருந்து போல அவர்களுக்கு அரசுப் படகு. மீன் பிடிப்பவர் சின்ன வள்ளத்தில் போகிறார். சிப்பி எடுப்பவர் வள்ளத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் மூழ்குகிறார். பெண்கள் படித்துறையில் துணி துவைக்கிறார்கள்.

முன்பு இந்த வழியே கெட்டுவள்ளங்கள் போயின. அவை பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய பெரிய படகுகள். நெல் ஏற்றின. தேங்காய் ஏற்றின. சாலையும் லாரியும் வந்த பிறகு அவற்றுக்கு வேலை குறைந்தது. 1990-களில் அவற்றை வீடு போல மாற்றினார்கள். சுற்றுலா வருபவர்களை ஏற்றினார்கள். இன்று நூற்றுக்கணக்கான படகு வீடுகள் ஓடுகின்றன. விசைப்படகுகளும் ஓடுகின்றன.

தண்ணீர் ஒன்றுதான். பிழைப்புக்குப் போகிறவரும் அதில் போகிறார். பொழுதுபோக்கப் போகிறவரும் அதில் போகிறார். இருவரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அதற்கு என்ன செய்யலாம்? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நடந்தவை

1924 ஜனவரி 16. கேரளத்தின் பெரிய கவிஞர் குமாரன் ஆசான் ஒரு படகில் போனார். ஆலப்புழைக்குத் தெற்கே பல்லனை என்ற இடத்தில் அந்தப் படகு கவிழ்ந்தது. அதில் கூட்டம் அதிகம். கவிஞர் இறந்துபோனார்.

2002 ஜூலை 27. முகம்மையிலிருந்து குமரகத்துக்குப் போன படகு வேம்பநாட்டு ஏரியில் மூழ்கியது. 29 பேர் இறந்தார்கள். வேலைக்கான தேர்வு எழுதப் போன இளைஞர்கள் பலர் அந்தப் படகில் இருந்தார்கள்.

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு.

2023 மே 7. மலப்புரம் மாவட்டம் தானூர். பொழுது சாயும் நேரம். சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அது மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த படகு. அனுமதித்த அளவைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தார்கள். இறந்தவர்களில் பல குழந்தைகள் இருந்தார்கள்.

கூட்டம் எவ்வளவு பெரிய ஆபத்து என்று இதிலிருந்து தெரிகிறது. கூட்டத்தைத் தவிர இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, படகு எழுப்பும் அலை. இன்னொன்று, மது.

படகு எழுப்பும் அலை

படகு நகரும்போது தண்ணீரைத் தள்ளுகிறது. தள்ளிய தண்ணீர் இரண்டு பக்கமும் அலையாக விரிகிறது. படகில் இருந்து பின்னால் திரும்பிப் பாருங்கள். அலை கவட்டை போல விரிந்து போவது தெரியும்.

பெரிய படகில் இருப்பவருக்கு இந்த அலை ஒன்றும் செய்யாது. அது பார்க்க அழகாகக் கூட இருக்கும். ஆனால் அலை அங்கேயே நின்றுவிடாது. கரை வரை போகும்.

சின்ன வள்ளத்தைப் பாருங்கள். அதன் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரம்கூட இருக்காது. பக்கவாட்டில் அலை வந்து மோதினால் தண்ணீர் உள்ளே ஏறும். அடுத்தடுத்து இரண்டு மூன்று அலை வந்தால் வள்ளம் கவிழும்.

படித்துறையில் குழந்தை குளிக்கிறது. அலை வந்து காலை வாருகிறது. பாசி பிடித்த படி. குழந்தை வழுக்கி ஆழத்துக்குப் போகிறது. படகு அதற்குள் வெகுதூரம் போய்விட்டது. நடந்தது படகில் இருப்பவருக்குத் தெரியாது.

கரைக்கும் கேடு வருகிறது. ஆலப்புழைப் பக்கத்தில் குட்டநாடு இருக்கிறது. அங்கே பல வயல்கள் கடல் மட்டத்தைவிடத் தாழ்வானவை. வெளியே தண்ணீர் மேலே நிற்கிறது. உள்ளே வயல் கீழே கிடக்கிறது. நடுவில் இருப்பது மண் கரை. அந்தக் கரைதான் நெல்லைக் காப்பாற்றுகிறது. நாள் முழுக்க அலை மோதினால் மண் கரையும். கரை உடைந்தால் விளைந்த பயிர் மூழ்கும். ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு வீணாகும்.

ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வோம். அரை அடி அலை ஓர் அடி அலையாக உயர்கிறது. அதன் சக்தி எத்தனை மடங்கு கூடும்? இரண்டு மடங்கு என்று நினைப்போம். அது இல்லை. நான்கு மடங்கு. ஆகவே, அலையைக் கொஞ்சம் குறைத்தாலும் நன்மை அதிகம்.

அலையைக் குறைக்க நல்ல வழி வேகத்தைக் குறைப்பதுதான். படித்துறை, சின்ன வள்ளம், பாலம், கட்டி நிறுத்திய படகு, குறுகிய கால்வாய் ஆகியவற்றின் அருகே படகு மெதுவாகப் போக வேண்டும். கிட்டே போன பிறகு திடீரென்று வேகத்தைக் குறைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் பின்னால் வரும் அலை முன்னே போய் மோதும். தூரத்திலேயே குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

நாம் சின்ன வள்ளத்தில் இருக்கிறோம். பெரிய அலை வருகிறது. என்ன செய்வது? எழுந்து நிற்கக் கூடாது. தாழ்வாக உட்கார வேண்டும். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். அலை பக்கவாட்டில் மோத விடக் கூடாது. வள்ளத்தின் முன்பக்கத்தைக் கொஞ்சம் சாய்வாக அலையைப் பார்த்துத் திருப்ப வேண்டும்.

இன்னொன்றையும் யோசிப்போம். படகை வேகமாக ஓட்டச் சொல்வது யார்? பல நேரம் நாம்தான். “அண்ணே, இன்னும் வேகமாப் போங்க” என்று பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் கத்துகிறோம். ஓட்டுபவர் நம்மிடம் கூலி வாங்குகிறவர். மறுத்துப் பேசத் தயங்குவார். ஆகவே நாம் கேட்காமல் இருப்பதே நல்லது.

மதுவும் தண்ணீரும்

சுற்றுலா என்றால் சிலருக்கு மது வேண்டும். “பீர்தானே”, “கள்ளுதானே” என்பார்கள். பீரும் மதுதான். கள்ளும் மதுதான். சாராயமும் மதுதான்.

மது குடித்தால் முதலில் கெடுவது அறிவின் நிதானம். எது ஆபத்து, எது ஆபத்து இல்லை என்று தெரியாது. வேகம் வேகமாகத் தோன்றாது. எதிரே வரும் வள்ளம் கண்ணில் பட்டாலும் கை உடனே வேலை செய்யாது.

அடுத்தது உடலின் சமநிலை. விழாமல் நிற்க நம் காதின் உட்பகுதி உதவுகிறது. மது அதைக் குழப்புகிறது. தரையில் தள்ளாடினால் சுவரைப் பிடிக்கலாம். படகின் விளிம்பில் தள்ளாடினால் பிடிக்க என்ன இருக்கிறது? விழுந்தால் தண்ணீர்தான். தண்ணீருக்குள் எது மேல், எது கீழ் என்று குடித்தவருக்குச் சட்டென்று தெரியாது.

படகில் இன்னொரு சங்கதியும் உண்டு. வெயில், காற்று, எஞ்சின் சத்தம், ஆட்டம் எல்லாம் சேர்ந்து உடலை ஏற்கெனவே களைக்க வைக்கும். அந்தக் களைப்பின் மேல் மதுவும் சேர்ந்தால் கேடு கூடும்.

“குடித்தால் குளிர் தெரியாது” என்பார்கள். அது தவறு. மது குடித்தால் தோலுக்கு ரத்தம் அதிகம் வரும். அதனால் சூடு போலத் தோன்றும். உண்மையில் உடல் தன் சூட்டை வெளியே இழக்கிறது. தண்ணீரில் விழுந்தவர் இன்னும் சீக்கிரம் சோர்ந்துபோவார்.

“எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் தெளிந்துவிடும்” என்பார்கள். காபி, மோர், தலைக்குக் குளிப்பது என்று பல வழி சொல்வார்கள். எதுவும் உதவாது. ஈரல் மெதுவாகத்தான் மதுவை அகற்றும். அதற்கு நேரம் வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

“ஓட்டுபவர் குடிக்காமல் இருந்தால் போதாதா? பயணிகள் குடித்தால் என்ன?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. விளிம்பில் உட்காருவது, கூரையில் ஏறுவது, தண்ணீரில் குதிப்பது, இரவில் தனியே எழுந்து போவது எல்லாம் பயணிகள் செய்வதுதான். இருட்டில் ஒருவர் விழுந்தால் விடிந்த பிறகுதான் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது குழந்தை. மூழ்கும் குழந்தை கத்தும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் கத்தாது. மூச்சு விடவே முடியாதபோது எப்படிக் கத்தும்? சத்தம் இல்லாமல் ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது.

எண்ணைப் படியுங்கள்

உள்நாட்டுப் படகுகளுக்கு 1917-இல் ஒரு சட்டம் இருந்தது. 2021-இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. படகைப் பதிவு செய்ய வேண்டும். அதைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். ஓட்டுபவரிடம் தகுதிச் சான்று இருக்க வேண்டும். இதுதான் சட்டம்.

எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கும் அளவு உண்டு. ஏறும் முன் அந்த எண்ணைத் தேடுங்கள். பலகையில் மலையாளத்தில் எழுதியிருக்கலாம். நமக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஆனால் எண் அங்கேயும் 1, 2, 3 என்றுதான் இருக்கும். நாம் எண் படிக்கக் கற்றவர்கள். படிப்போம். தலைகளை எண்ணுவோம். எழுதிய எண் எங்கும் தெரியவில்லையா? கேட்போம்.

படகுத் துறையில் இப்படிப் பேசலாம்:

அம்மா: அண்ணே, இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம்?

படகுக்காரர்: இருபது பேர், அம்மா. இன்னும் மூன்று பேர் ஏறினால் ஒன்றும் ஆகாது.

அம்மா: ஏற்கெனவே இருபது பேர் இருக்கிறார்கள். நாங்கள் அடுத்த படகில் வருகிறோம்.

படகுக்காரர்: அதற்கு ஒரு மணி நேரம் ஆகுமே.

அம்மா: ஆகட்டும், அண்ணே. பிள்ளைகளை வைத்திருக்கிறோம். உயிர்காப்பு உடை இருக்கிறதா? பிள்ளைகள் அளவிலும் வேண்டும்.

படகுக்காரர்: இருக்கிறது. எடுத்துத் தருகிறேன்.

இதில் சண்டை இல்லை. அவமரியாதை இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். அவ்வளவுதான்.

உயிர்காப்பு உடையை மடியில் வைத்துக்கொண்டால் பயன் இல்லை. இருக்கையாகப் போட்டு உட்கார்ந்தாலும் பயன் இல்லை. ஏறும் முன்பே போட வேண்டும். எல்லாப் பட்டைகளையும் மாட்ட வேண்டும். பிறகு தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகம் வரை ஏறி வந்தால் அது தளர்வு. இறுக்குங்கள்.

ஏறியதும் வெளியே போகும் வழி எங்கே என்று பாருங்கள். யானை தெரிகிறது, பறவை தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். படகு சாயும். பொழுது சாய்ந்த பிறகு “இன்னும் ஒரு சுற்று” என்று கேட்காதீர்கள். இரவில் மீனவர்கள் வலை விரிக்கும் தண்ணீர் அது.

ஒருவர் தண்ணீரில் விழுந்தால்

உடனே எல்லோரும் கேட்கும்படி கத்துங்கள். எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கயிறு, மிதவை வளையம், மூடிய காலிக் குடம், எது கிடைத்தாலும் எறியுங்கள். சேலையையோ வேட்டியையோ நீட்டலாம். பயிற்சி இல்லாமல் பின்னால் குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் பயத்தில் இறுகப் பிடிப்பார். இருவரும் போவீர்கள்.

படகே கவிழ்ந்தால், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதப்பது நல்லது. கரை கிட்டே இருப்பது போலத் தெரியும். ஆனால் நீந்திப் போவது கடினம்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லாவிட்டால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நெஞ்சை அழுத்த வேண்டும். இதை உங்கள் ஊர் செவிலியரிடமோ தீயணைப்பு வீரரிடமோ முன்பே கற்றுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். இந்தியா முழுக்க இந்த எண்தான்.

நாம் சொன்னால் கேட்பார்களா?

ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே பெண்கள் அறிவொளி வகுப்பில் படித்தார்கள். சாராயத்தால் வரும் கேட்டைப் பற்றி ஒரு பாடம் வந்தது. படித்தார்கள். கூடிப் பேசினார்கள். தங்கள் ஊரில் சாராயக் கடை வேண்டாம் என்று எழுந்தார்கள். அது ஊர் ஊராகப் பரவியது. 1993-இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது.

அவர்களும் நம்மைப் போலப் புதிதாகப் படிக்கக் கற்றவர்கள்தான். அவர்கள் ஒரு மாநிலத்தையே கேட்க வைத்தார்கள். நாம் ஒரு படகுத் துறையில் நின்று, “அண்ணே, குடித்துவிட்டு ஓட்டாதீர்கள். நாங்கள் ஏற மாட்டோம்” என்று சொல்ல முடியாதா? முடியும். ஒருவர் சொன்னால் சிரிப்பார்கள். கூட வந்த பத்துப் பேரும் சொன்னால் கேட்பார்கள்.

கலந்து பேசுவோம்

1. பெரிய படகு எழுப்பும் அலையால் யார் யாருக்குத் துன்பம் வருகிறது?

2. நம் வீட்டில் ஒருவர் படகில் குடிக்கத் தொடங்கினால், அவர் மனம் நோகாமல் எப்படித் தடுக்கலாம்?

3. உங்கள் ஊரில் ஆறு, ஏரி, குளம், கிணறு எது இருக்கிறது? அங்கே குழந்தைகளைக் காக்க என்ன செய்யலாம்?

கணக்கு

ஒரு படகில் 20 பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறது. 14 பெரியவர்களும் 9 குழந்தைகளும் நிற்கிறார்கள். மொத்தம் எத்தனை பேர்? எல்லோரும் ஏறலாமா? எத்தனை பேர் அடுத்த படகில் வர வேண்டும்? கைக்குழந்தையையும் சேர்த்து எண்ணுங்கள்.

எழுதிப் பழகுவோம்

படகு, துறை, அலை, கரை, வள்ளம், வேகம், உயிர், மிதவை

இந்தச் சொற்களில் மூன்றை வைத்து மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். எழுதியதை வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.