‘தி ஜங்கிள் புக்’ ஓவியப்படம்: நிறையும் குறையும்



கார்ட்டூன் படம் என்றால் பிள்ளைகளைச் சிறிது நேரம் சும்மா உட்காரவைக்கும் பொருள் என்றே பலர் எண்ணுகின்றனர். அதனையும் பாடநூலைப் போல் ஆராய்ந்து பார்க்கலாம். 1967ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி ஜங்கிள் புக்’ என்னும் இசைப்படத்தை நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். 1966 டிசம்பரில் மறைந்த வால்ட் டிஸ்னி, தம் நேரடி மேற்பார்வையில் உருவாக்கிய கடைசி ஓவியப்படம் இதுவாகும். மும்பையில் பிறந்த கிப்ளிங் 1894இல் வெளியிட்ட நூலே இதற்கு மூலம். ஓநாய்கள் வளர்த்த மோக்லி என்னும் சிறுவனை, ஷேர் கான் என்னும் புலியிடமிருந்து காப்பதற்காகப் பகீரா என்னும் கருஞ்சிறுத்தை மனிதர் வாழும் ஊருக்கு அழைத்துச் செல்கின்றது.

கணினி ஓவியம் இல்லாத காலத்துப் படம் இது. புலி நடக்கையில் அதன் தோள்கள் ஏறி இறங்குவதைக் கூர்ந்து நோக்குங்கள். அத்தனையும் ஓவியர் கைவண்ணமே. இசையும் அவ்வாறே. யானைகளுக்குப் படைநடைப் பாட்டு, குரங்குகளுக்குத் துள்ளும் ஜாஸ் இசை என ஒவ்வொரு கூட்டத்தின் குணமும் பாட்டிலேயே விளங்கிவிடுகின்றது.

மூலநூலில் பாலு என்னும் கரடி, காட்டின் சட்டங்களைக் கற்பிக்கும் கண்டிப்பான ஆசிரியர். படத்திலோ அது வேலை வெட்டியின்றி ஆடிப்பாடித் திரிகின்றது! ஆசிரியர்களாகிய நமக்கு இதில் சற்று வருத்தமே. வேண்டியவை தாமே தேடி வரும் என்று கரடி பாடலாம். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களுக்கு எதுவும் தானே வந்ததில்லை. ஆயினும் அப்பாட்டைக் கேட்டுச் சிரிக்காத பிள்ளையை நாம் கண்டதில்லை.

நம் நாட்டுப் பிள்ளைகள் உடனே கண்டுபிடிக்கக்கூடிய பிழையும் ஒன்றுண்டு. கதை நிகழ்வது இந்தியக் காட்டில். குரங்குகளின் அரசனோ ஓர் ஓராங் ஊத்தான்! ‘காட்டு மனிதன்’ எனப் பொருள்படும் அம்மலாய்ப் பெயரே அதன் ஊரைச் சொல்லிவிடும். போர்னியோ, சுமத்ரா தீவுகளே அதன் தாயகம். நம் சபா மாநிலத்துச் செப்பிலோக்கில் 1964 முதல் அதற்கென மறுவாழ்வு நிலையம் உள்ளது. கிப்ளிங்கின் கதையில் குரங்குகளுக்கு அரசனே கிடையாது. 2016இல் இதே கதையை மீண்டும் படமாக்கியபோது, முன்னாளில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு மாபெரும் வாலில்லாக் குரங்கினமாக அதனை மாற்றிவிட்டனர்.

இவற்றினும் பெரிய குறை படத்தின் இறுதியில் இருக்கின்றது. நீர் மொள்ள வரும் ஒரு சிறுமியின் பாட்டில் மயங்கி மோக்லி ஊருக்குள் போகின்றான். அச்சிறுமிக்குப் பெயர் இல்லை. தந்தை வேட்டையாடுவார், தாய் சமைப்பாள், தான் நீர் சுமப்பாள்; வளர்ந்தபின் தான் சமைக்க, தன் மகள் நீர் சுமப்பாள் என்பதே அவள் பாடும் பாட்டு. மெட்டு இனிமையாக இருப்பதால் பொருள் காதில் தைப்பதில்லை. அம்மாவும் பாட்டியும் குழாயடியில் வரிசையில் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்த நம் மாணவியர், அந்தப் பாட்டைச் சற்று நின்று கேட்க வேண்டும்.

பயிற்சி: அச்சிறுமிக்கு ஒரு பெயர் சூட்டுக. மறுநாள் காலையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் எங்கே செல்கின்றாள் என்பதைப் பத்து வரிகளில் எழுதி, வகுப்பாசிரியரிடம் கொடுக்கவும்.