படுத்தால் பாயும் பகை

2011ஆம் ஆண்டு உலகக் கோப்பை கிரிக்கெட் போட்டி நடந்தது. இந்தியா கோப்பையை வென்றது. அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் யுவராஜ் சிங். அவர் 362 ரன்கள் எடுத்தார். 15 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார்.

ஆடும்போதே அவருக்கு இருமல் இருந்தது. மூச்சு வாங்கியது. பிறகு சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே ஒரு கட்டி இருந்தது. அது புற்றுநோய்க் கட்டி. அப்போது அவருக்கு வயது 30.

2012ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவில் அவருக்குச் சிகிச்சை நடந்தது. மூன்று சுற்று கீமோதெரபி மருந்து கொடுத்தார்கள். தலைமுடி கொட்டியது. உடல் சோர்ந்தது. ஆனால் நோய் அடங்கியது. ஏப்ரல் மாதம் அவர் நாடு திரும்பினார்.

அடுத்து அவர் எங்கே போனார்? பெங்களூருக்குப் போனார். அங்கே தேசிய கிரிக்கெட் அகாடமி இருந்தது. அப்போது அது சின்னசாமி மைதான வளாகத்தில் இருந்தது. ஜூன் மாதம் அங்கே பயிற்சியைத் தொடங்கினார். பழைய பலம் ஒரே நாளில் வரவில்லை. பயிற்சியாளர்கள் பார்த்துப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். படிப்படியாக உடல் தேறியது.

2012 செப்டம்பர் 11ஆம் நாள். சென்னை சேப்பாக்கம் மைதானம். இந்திய அணிக்காக யுவராஜ் மீண்டும் ஆடினார். 26 பந்துகளில் 34 ரன்கள் எடுத்தார். அன்று இந்தியா ஒரு ரன்னில் தோற்றது. ஆனாலும் அவர் திரும்பி வந்ததே மக்களுக்குப் பெரிய மகிழ்ச்சி.

"அவர் பெரிய ஆட்டக்காரர். பணமும் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் நடக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

நோய் போன பிறகு

பெங்களூரில் கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1973ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சென்னை அடையாற்றிலும் புற்றுநோய் மருத்துவமனை உண்டு. அதை 1954ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கினார். இப்படிப்பட்ட மருத்துவமனைகளில் குழந்தைகளும் இளைஞர்களும் சிகிச்சை பெறுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பலவற்றைக் குணப்படுத்த முடியும். வசதியுள்ள நாடுகளில் நூறு பிள்ளைகளில் எண்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். உலகம் முழுவதும் நூற்றுக்கு அறுபது பேராவது பிழைக்க வேண்டும். 2030ஆம் ஆண்டுக்குள் இதைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது.

பிழைத்த பிள்ளைக்கு இன்னும் பல ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. படிக்க வேண்டும். வேலைக்குப் போக வேண்டும். குடும்பம் நடத்த வேண்டும். ஆகவே சிகிச்சை முடிந்த பிறகும் அவர்களைக் கவனிக்க வேண்டும். இதற்காகவே மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1991ஆம் ஆண்டு ஒரு தனிப் பிரிவு தொடங்கினார்கள்.

புற்றுநோய் மருந்துகள் நோயை அழிக்கின்றன. அதோடு உடலுக்கும் சில தொல்லைகளைத் தரலாம்.

• சில மருந்துகளால் கால் நரம்பு தளரும். நடக்கும்போது பாதம் தொங்கும். தடுக்கி விழ நேரும்.
• சில மருந்துகளால் எலும்பு பலம் குறையும்.
• சில மருந்துகளால் இதயம் பாதிக்கப்படலாம்.
• பல மாதம் படுத்தே இருந்தால் தசை கரையும்.
• எதற்கெடுத்தாலும் களைப்பு வரும்.

ஒரு தாயின் பயம்

மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித் தருபவர் உண்டு. அவரைப் பிசியோதெரபிஸ்ட் என்பார்கள். தமிழில் இயன்முறை மருத்துவர் என்று பெயர். இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட 14 வயதுப் பையனின் தாய் அவரிடம் எப்படிப் பேசுவார்? இப்படித்தான் பேசுவார்:

தாய்: டாக்டரம்மா, இவன் பிழைத்து வந்ததே பெரிது. இப்போது போய் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறீர்களே!

மருத்துவர்: உட்காருங்கள் அம்மா. தம்பி வீட்டில் என்ன செய்கிறான்?

தாய்: ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. தண்ணீர்கூட நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். அப்படியும் களைப்பு என்கிறான்.

மருத்துவர்: படுத்தே இருப்பதால்தான் களைப்பு கூடுகிறது அம்மா. அசையாத தசை இளைத்துப் போகும். இளைத்த தசை சீக்கிரம் களைத்துப் போகும். களைத்தவன் மறுபடி படுப்பான். இப்படியே சுற்றிச் சுற்றி வரும்.

தாய்: நடந்தால் நோய் திரும்பி வந்துவிடாதா?

மருத்துவர்: வராது. நடப்பதால் புற்றுநோய் திரும்பாது. உடற்பயிற்சியே புற்றுநோய்க்கு மருந்து என்றும் நினைக்க வேண்டாம். மருந்து நோயைப் பார்த்துக்கொள்ளும். பயிற்சி உடம்பைத் தேற்றும். இரண்டும் வேண்டும்.

தாய்: எனக்குப் பயமாக இருக்கிறது, டாக்டரம்மா.

மருத்துவர்: பயம் இருக்கத்தான் செய்யும். முதல் நாள் நீங்களும் அவனோடு நடங்கள்.

"நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். நோயிலிருந்து மீண்டவர்களுக்கும் அது பொருந்தும்.

எப்படித் தொடங்குவது?

முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இதயம், எலும்பு, இரத்தம் ஆகியவற்றின் நிலையை அவர் பார்ப்பார். ஒருவருக்குச் சொன்ன பயிற்சி இன்னொருவருக்குப் பொருந்தாது. மருத்துவர் சரி என்றால் இப்படித் தொடங்கலாம்:

1. நடை: முதலில் காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம். பிறகு வாரத்துக்கு வாரம் சில நிமிடங்கள் கூட்ட வேண்டும். பெங்களூரில் கப்பன் பூங்கா, லால்பாக் போன்ற இடங்கள் உண்டு. தெருவும் மொட்டை மாடியும்கூடப் போதும்.

2. உட்கார்ந்து எழுதல்: நாற்காலியில் உட்கார வேண்டும். கையை ஊன்றாமல் எழ வேண்டும். 5 முறையில் தொடங்கலாம். இது தொடைக்குப் பலம் தரும்.

3. குதிகால் தூக்குதல்: சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். இது கெண்டைக்காலுக்கு நல்லது.

4. கைப் பயிற்சி: அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கையை மடக்கி நீட்ட வேண்டும்.

இவற்றுக்குப் பணம் தேவையில்லை.

எவ்வளவு வேகம் வேண்டும்? நடக்கும்போது பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பேசவே மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவு சொல்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 60 நிமிடம் ஓடியாட வேண்டும். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது சுறுசுறுப்பாக இயங்க வேண்டும். இது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் நாளே இதைச் செய்யக் கூடாது.

எப்போது நிறுத்த வேண்டும்?

• காய்ச்சல் இருந்தால் பயிற்சி வேண்டாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
• மூக்கிலோ ஈறிலோ இரத்தம் வந்தாலும், தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றினாலும் நிறுத்த வேண்டும். இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம்.
• நெஞ்சு வலி, தலைசுற்றல், புதிதாக எலும்பு வலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.
• மருந்து ஏற்ற உடலில் குழாய் வைத்திருந்தால், மருத்துவரைக் கேட்காமல் நீந்தக் கூடாது.
• கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. காயம் பட்டாலும் தெரியாது.

பெண் பிள்ளையும் வெளியே வரட்டும்

சில வீடுகளில் பெண்ணுக்குப் புற்றுநோய் வந்ததை மறைக்கிறார்கள். "வெளியே தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று பயப்படுகிறார்கள். நோய் குணமான பிறகும் பெண்ணை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அவள் உடலும் தளர்கிறது. மனமும் தளர்கிறது.

புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. கூட விளையாடுவதால் யாருக்கும் வராது. பள்ளியில் விளையாட்டு வேளையின்போது அந்தப் பிள்ளையை மட்டும் தனியே உட்கார வைக்க வேண்டாம். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டை விளையாட்டு ஆசிரியரிடம் கொடுங்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட நீங்களே அதைப் படித்துக் காட்டலாம்.

சொல்லும் பொருளும்

கீமோதெரபி – புற்றுநோயை அழிக்கும் மருந்துச் சிகிச்சை
தட்டணுக்கள் – இரத்தம் உறைய உதவும் அணுக்கள்
ஒட்டுவாரொட்டி – தொற்றுநோய்

விடை எழுதுங்கள்

1. யுவராஜ் சிங் 2012இல் எந்த ஊரில் பயிற்சியைத் தொடங்கினார்?
2. படுத்தே இருந்தால் களைப்பு ஏன் கூடுகிறது?
3. பயிற்சியை எப்போது நிறுத்த வேண்டும்? மூன்று எழுதுங்கள்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் நோயிலிருந்து மீண்ட பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்து விளையாட நீங்கள் என்ன செய்யலாம்?