டப்பட் சத்தம் திரும்பத் திரும்ப வருகிறதா?

கேள்வி: பழைய லேலண்ட் லொறியில் நெல் ஏற்றுகிறோம். எஞ்சினில் ‘டிக் டிக்’ சத்தம். டப்பட் வைத்தால் நிற்கிறது. ஒரு கிழமையில் திரும்ப வருகிறது. ஹெட்டைக் கழற்றவா?
– வாசகர், கிளிவெட்டி

பதில்: அவசரப்படாதீர்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின்தானே? ஆறாவதன் வால்வுகளில் ஒன்று மூடி மற்றது திறக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, முதலாவதன் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். பிறகு 5, 3, 6, 2, 4 என்ற வரிசை. அளவு எவ்வளவு, சூட்டிலா குளிரிலா என்பதற்கு எஞ்சின் கையேடுதான் சாட்சி. பக்கத்து லொறிக்காரர் அல்ல.

ஒரே வால்வில் மட்டும் இடைவெளி கூடுகிறதா? லொக் நட் இளகியிருக்கலாம். இறுக்கமாக இருந்தால் புஷ் ரொட்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள், வளைந்தது துள்ளும். அதுவும் நேரென்றால் என் சந்தேகம் கேம் மேல்தான். டயல் கேஜ் வைத்து அந்தப் புஷ் ரொட் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து, மற்றச் சிலிண்டர்களின் அதே வகை வால்வோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் கேம் தேய்ந்துவிட்டது. டப்பட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். புது டப்பட்டைப் பழைய கேமில் போடுவது வீண் காசு.

ரொக்கருக்கு ஒயில் ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

ஹெட்டைக் கழற்ற வேண்டியது இடைவெளி குறைந்துகொண்டே போனால்தான். அப்போது சத்தமே இராது. வால்வு சீட்டில் அமிழ்ந்து, சரியாக மூடாமல் கருகத் தொடங்கியிருக்கும்.